முட்டை அட்டையில் இருபத்து மூன்று ரிவிட்

சௌந்திரக்கா எங்கள் கடைக்கு வந்தது டவல் துவைக்கிற வேலைக்கு. கார் துடைக்கிற டவலைக் குளிக்கிற துண்டு மாதிரி நினைத்துவிடக் கூடாது. பூனைக்குட்டியின் முதுகு போல மெத்தென்று இருக்கும். அதில் ஒரே ஒரு மணல் துணுக்கு ஒட்டியிருந்தால் போதும், புதுக் காரின் பெயின்டில் கோடு விழுந்துவிடும். முன்பு துவைத்தவர்கள் அதைக் கல்லில் அடித்தார்கள், முள்வேலியில் காயப்போட்டார்கள். சௌந்திரக்கா வந்த முதல் வாரமே மூன்று வாளிகள் கேட்டு வாங்கினார். கழுவித் துடைத்த டவலுக்கு ஒன்று, பாலிஷ் துடைத்ததற்கு ஒன்று, கோட்டிங் துடைத்ததற்கு ஒன்று.

"எல்லாத்தையும் ஒட்டுக்கா ஊறப்போட்டா ஒண்ணோட அழுக்கு ஒண்ணுக்கு ஏறுமுங்க தம்பி" என்றார் என்னிடம்.

எங்கள் கடை நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பைபாஸில் இருக்கிறது. ஒரு காலத்தில் லாரிக்கு பாடி கட்டிய தகரக் கொட்டகை அது. முதலாளி முருகானந்தம் அண்ணன் அதை வெள்ளையடித்து, வரிசையாக டியூப் லைட் மாட்டி, கார் பளபளப்பாக்கும் கடையாக மாற்றினார். ஆனாலும் தரையைக் கூட்டும்போதெல்லாம் லாரித் தகடு அடித்த காலத்து அலுமினிய ரிவிட் ஆணிகள் நாலைந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். சௌந்திரக்கா அவற்றைப் பொறுக்கி ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால், "எதுக்காவது ஆவும்" என்பார்.

நான் அங்கே கோட்டிங் போடுகிறவன். பெயர் பூபதி. ஊர் எடப்பாடிப் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான், மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த போட்டோவை அப்பா தறிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். தறி ஓடும்போதெல்லாம் சுவரோடு சேர்ந்து நானும் ஆடிக்கொண்டிருப்பேன்.

செராமிக் கோட்டிங் ஒரு சின்னப் பாட்டிலில் வருகிற திரவம். அதைச் சொட்டுச் சொட்டாகப் பஞ்சுக்கட்டையில் விட்டு, காரின் ஒரு பாகத்தில் தடவ வேண்டும். சிறிது நேரத்தில் அது மெல்ல வானவில் நிறம் காட்டும். அந்த நேரம் பார்த்துத் துடைத்துவிட வேண்டும். முந்தினால் பெயின்டில் ஒட்டாது. பிந்தினால் துடைபடாமல் அங்கங்கே தடித்து நின்றுவிடும். அப்படித் தடித்து நிற்பதை நாங்கள் திட்டு என்போம். மழை நின்ற ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் ஒரு கலர் படர்கிறதே, அதே மாதிரி இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டால் சுலபம். அதன் மேலேயே புதிதாக இரண்டு சொட்டுத் தடவினால் பழசு இளகிக் கொடுக்கும், துடைத்து எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் கண்ணாடியாக இறுகிவிடும். அப்புறம் மெஷின் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

வேலை முடிந்ததும் கார்க்காரருக்கு ஒரு வாரண்டி கார்டு கொடுப்போம். அதன் அடியில் 'கோட்டிங் செய்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். அதில் நான் 'பூபதி, பி.ஈ.' என்று கையெழுத்துப் போடுவேன். சௌந்திரக்காவுக்கு அந்தக் கோட்டின் மேல்தான் கண்.

"தம்பி, அதுல என்ற பேரும் ஒரு நாளைக்கு வரோணுமுங்க" என்று ஒரு தடவை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கொட்டகை மூலையில் கிடந்த பழைய லாரிக் கதவில் பாலிஷ் மெஷினை ஓட்டிப் பழக ஆரம்பித்தார். முதல் நாள் நான் மெஷினை ஓடவிட்டபடியே கதவில் வைத்துக் காட்டினேன். பாலிஷ் முழுக்க என் மூஞ்சியில் தெறித்தது. அக்கா பார்த்தார். தகட்டில் பஞ்சை அழுத்தி வைத்த பிறகே சுவிட்சைத் தட்டினார். ஒரு துளி தெறிக்கவில்லை.

"இன்ஜினியருக்கு மட்டும்தான் மூஞ்சிக்கு பாலிஷ் போடுமாட்ட இருக்குது" என்றார்.

இந்தக் கடைக்கு வருமுன் ஒன்பது வருடம் மோகனூர் ரோட்டில் ஒரு ஹேச்சரியில் இருந்தவர் அவர். குஞ்சு பொரிக்க வைக்கிற முட்டைகளை இருட்டறையில் விளக்குக்கு நேரே காட்டிப் பார்ப்பார்கள். உள்ளே கரு இருக்கிறதா, ஓட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. ஒரு நாளைக்கு எத்தனை அட்டை என்று அவரே எண்ணியதில்லை. "பொழுது மொளைக்கறதும் தெரியாது, உழுகறதும் தெரியாது. வெயிலப் பாக்கற மாதிரி ஒரு வேலைக்குப் போவோணும்னு நெனச்சேன்" என்பார். அவர் வீட்டுக்காரர் வீரபாகு லாரி டிரைவர். ஒரு நாள் அவர் தன் லாரி முதலாளியின் காரைக் கழுவ எங்கள் கடைக்குக் கொண்டு வந்தபோது அக்காவும் கூட வந்திருந்தார். கழுவி முடித்த காரைச் சும்மா சுற்றி வந்தவர், "ஏனுங்க, இந்தக் கதவுல நகக்கீறல் ஒண்ணு இருக்குதுங்களே" என்றார். நாங்கள் மூன்று பேர் குனிந்து தேடியும் தெரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிட்டார்.

ஆனால் வேலை டவலோடு நின்றது. கோட்டிங் பக்கம் போடச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்டார். முருகானந்தம் அண்ணன் கெட்டவர் இல்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுசன். அதனால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்.

"பாக்கலாம் சௌந்திரம். கஸ்டமருங்க என்ன நெனப்பாங்களோ, அதான் யோசன."

"என்ன நெனப்பாங்க? காரு பளபளன்னு இருக்குதுன்னு நெனப்பாங்க."

"பாக்கலாம், பாக்கலாம்."

சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றார். ஹேச்சரியிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், இந்தத் தடவை சூப்பர்வைசராக. சேர் உண்டு, மேலே ஃபேன் உண்டு.

"அண்ணா, வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு பதில் சொல்லிருங்க. கோட்டிங்ல போடறீங்கன்னா இங்கயே இருந்துக்கறேன். இல்லீன்னா சனிக்கெழம நான் பண்ணைக்குப் போயிர்றேனுங்க."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "பாக்கலாம்" என்று வாய் வந்ததை அப்படியே முழுங்கிவிட்டு, "வெள்ளிக்கெழம சொல்றேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் சின்னண்ணன் ஐயாவின் கறுப்புக் கார் வந்தது.

சின்னண்ணன் ஐயா திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டுக்குப் போகப் புதுக் கார். புதன்கிழமையே வண்டியை விட்டுவிட்டார். கழுவி, தேய்த்து, பாலிஷ் போட்டுத் தயாராக வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அவரே நேரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையப் பட்டை. சட்டைப் பையில் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து மடித்து வைத்திருந்தார்.

"நல்ல நேரம் ஒம்பதரைக்கு ஆரம்பிக்குது. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள ஆரம்பிச்சு முடிச்சுருங்க."

"ஐயா, ஒரு காருக்கு மூணு மணி நேரம் ஆகுமுங்க. ஒவ்வொரு பாகமா தடவித் தடவித் தொடைக்கோணும்" என்றேன்.

"ஆரம்பிக்கறதும் முடிக்கறதும் ஒரே நல்ல நேரத்துல இருக்கோணும் சாமி. நான் ரிக்கு எறக்குறதே அப்படித்தான். பைப்பு எறக்கி நாப்பது வருசம் ஆச்சு, ஒரு பாயிண்டுலயும் தண்ணி பொய்க்கல."

நான் முருகானந்தம் அண்ணனைப் பார்த்தேன். இவர் மனம் குளிர்ந்தால் சொந்தக்காரர்களின் கார் எல்லாம் நம்மிடம்தான் வரும் என்பது அண்ணன் முகத்தில் எழுதியே இருந்தது.

"ரெண்டு பேரும் சேந்து போட்டரலாம் பூபதி" என்றார்.

சரியாக ஒன்பதரைக்கு ஐயா கை நீட்டினார். "மொதல் கை நான் வெக்கறேன்."

பஞ்சுக்கட்டையில் சொட்டு விட்டுக் கொடுத்தேன். ஐயா கிழக்கே பார்த்து நின்று கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, பானெட்டின் நடுவில் இடமிருந்து வலமாக மூன்று கோடு இழுத்தார். சாட்சாத் திருநீற்றுப் பட்டை. நான் டவலை எடுத்தேன்.

"இருய்யா. போட்ட உடனே அழிக்கறியா? சித்த நேரம் இருக்கட்டும்."

சித்த நேரம் எவ்வளவு என்று யார் கேட்பது? நாங்கள் மற்ற பாகங்களுக்கு ஓடினோம். அண்ணன் இடது பக்கம், நான் வலது பக்கம். சித்திரை வெயிலில் தகரக் கூரை மேலே கொதிக்கிறது. ஐயா நடுவில் சேர் போட்டு உட்கார்ந்து, "பத்தடிக்க அஞ்சு நிமிசம்... பத்து... பத்து பத்து" என்று கபடிப் போட்டிக்கு மைக் பிடித்தவர் மாதிரி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். தடவினோம், ஓடினோம், துடைத்தோம். ஐயாவின் பட்டையையும் போகிற போக்கில் டவலால் ஒரு இழு இழுத்தேன். பத்து இருபத்தைந்துக்கு வேலை முடிந்துவிட்டது. டியூப் லைட் வெளிச்சத்தில் கார் கிணற்றுத் தண்ணீர் மாதிரி நின்றது. நான் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். ஐயா திருப்தியாக எழுந்து, அண்ணனையும் கூட்டிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனார்.

சௌந்திரக்கா வாளியோடு டவல் எடுக்க வந்தார். குனிந்து எடுத்தவர் நிமிரவில்லை.

"தம்பி, அஞ்சு டவல்தான் இருக்குது. மிச்சமெல்லாம் எங்க?"

"அவ்வளவுதாங்க்கா."

"ஒரு காருக்குப் பன்னெண்டு ஆவுமே எப்பவும்." ஒரு டவலை எடுத்து விரலால் கசக்கிப் பார்த்தார். "கோட்டிங் தொடச்ச டவலு இந்நேரம் அப்பளமாட்ட மொடமொடன்னு ஆயிருக்கோணும். இது மெத்துன்னு இருக்குது. டவலுக்கு வரலீன்னா, போட்ட மருந்து எங்க போச்சு?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காரைப் பார்த்தோம்.

"லைட்டெல்லாம் அணைங்க" என்றார் அக்கா.

அணைத்தேன். ஷட்டரையும் இறக்கினேன். கொட்டகை இருண்டது. அக்கா டார்ச்சைப் பானெட்டுக்கு ஒரு சாண் உயரத்தில், தகட்டோடு படுக்கை வாக்கில் பிடித்தார். இன்னொரு கையால் வெளிச்சத்தை ஒரு பக்கம் மறைத்துக்கொண்டார். "முட்டைன்னா முட்டையத் திருப்புவோம். காரத் திருப்ப முடியாது, லைட்டைத்தான் திருப்போணும்" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக நகர்த்தினார்.

மேலே இருந்து பார்த்தால் கிணற்றுத் தண்ணீர். பக்கவாட்டில் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலமும் ஊதாவுமாகத் திட்டு. டேப் ஒட்டி அடையாளம் வைக்கலாம் என்றால் ஈரக் கோட்டிங்கில் ஒட்டக் கூடாது. அக்கா வெளியே போய், சுவரோரம் கிடந்த காலி முட்டை அட்டை ஒன்றை எடுத்து வந்தார். கூடவே ஊறுகாய்ப் பாட்டில்.

"முன்னால வரிசை பானெட்டு. கடைசி வரிசை டிக்கி. நடுவுல இருக்கறது மேல்தகடு. இந்த ஓரம் நம்ம பக்கத்துக் கதவு, அந்த ஓரம் அண்ணன் பக்கத்துக் கதவு" என்றார். திட்டு ஒன்று கண்ணில் பட்டதும் அந்த இடத்துக்கு நேரான குழியில் ஒரு ரிவிட்டைப் போட்டார். காரை ஒரு சுற்று முடித்தபோது அட்டையில் இருபத்து மூன்று ரிவிட் இருந்தது. முன்வரிசையில் மட்டும் அடுத்தடுத்து மூன்று.

"மணி பத்தே முக்கால். இப்ப ஆரம்பிச்சா எடுத்தரலாங்க்கா. பின்னால போட்டதெல்லாம் இன்னும் இறுகியிருக்காது" என்றேன். "புதுசா ரெண்டு சொட்டுப் பட்டா இளகும். ஆனா இந்தச் சூட்டுக்கு நிமிசக்கணக்குல தொடச்சர்ணும்."

"நீங்க தடவுங்க. நான் லைட்டப் புடிச்சுட்டுத் தொடைக்கறேன்."

அப்போது ஷட்டர் மேலே ஏறியது. முருகானந்தம் அண்ணனும் பின்னால் சின்னண்ணன் ஐயாவும் நின்றார்கள். ஐயாவின் கையில் டீ கிளாஸ்.

"என்னய்யா இருட்டுக்குள்ள? மறுக்கா பாட்டிலத் தொறக்கறீங்க?" ஐயா காலண்டர் தாளை எடுத்துவிட்டார். "ராகு காலம் பொறந்து பதினஞ்சு நிமிசமாச்சு! ஆரும் வண்டில கை வெக்கப்படாது!"

அண்ணன் என்னை முறைத்தார். நான் விசயத்தைச் சொன்னேன். திட்டு இருக்கிறது, இப்போது எடுக்காவிட்டால் இறுகிவிடும், இறுகிவிட்டால் முழுக் காரையும் தேய்த்து மறுபடி போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி கிடைக்காது.

அண்ணன் குரல் இறங்கிவிட்டது. "பன்னெண்டு மணிக்கு மேல பாத்துக்கலாமே பூபதி..."

"பன்னெண்டுக்குப் பாத்தா கல்லாயிருமுங்கண்ணா."

"கல்லோ மண்ணோ, ராகு காலத்துல கை வெக்க உடமாட்டேன்" என்றார் ஐயா. "நிச்சயத்துக்குப் போற வண்டி."

டார்ச்சை அணைக்காமலே சௌந்திரக்கா முன்னால் வந்தார்.

"ஏனுங்கய்யா, உங்கூட்டு அம்மா இப்ப எங்க இருக்கறாங்க?"

"அதெதுக்கு அம்மிணி உனக்கு?"

"வெள்ளிக்கெழம பாருங்க, அதான் கேட்டேன்."

"கோயிலுக்குப் போயிருக்கறா."

"ராகு காலத்துலயா!"

"துர்க்கைக்கு எலுமிச்சம்பழ வெளக்கு ராகு காலத்துலதான போடுவாங்க?"

"அதேதானுங்க நானும் சொல்றேன். ராகு காலத்துல புதுசா ஒண்ண ஆரம்பிக்கத்தான் ஆவாது. இது நீங்களே ஒம்பதரைக்குக் கை வெச்சு ஆரம்பிச்சது, இன்னும் முடியல, தொடருது. அம்மனுக்கே இந்நேரம் வெளக்குக் காட்டறோம். காருக்கு லைட்டுக் காட்டுனாக் குத்தமுங்களா?"

ஐயா டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நானும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஐயா போனை எடுத்து, வீட்டம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் கோயில் மணிச் சத்தம்.

"சாலம்மா, ஒரு சங்கதி. ராகு காலத்துக்கு முன்னால ஆரம்பிச்ச வேலைய ராகு காலத்துல செய்யலாமா?"

"ஏனுங்க, காலைல அடுப்புல வெச்ச சோத்த பத்தரைக்கு எறக்கி வெச்சுட்டு, பன்னெண்டுக்கு மேலயா மறுக்கா வேக வெப்பாங்க? வெளக்கு அணையுது, போன வெய்ங்க."

ஐயா போனைப் பையில் போட்டார். அண்ணனை ஷட்டரை மறுபடி இறக்கச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "எனக்கு அந்த லைட்டக் குடு அம்மிணி. நீ தொடை."

அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஐயா டார்ச்சோடு குனிந்து காரை ஒரு அங்குலம் விடாமல் பார்த்தார். "இந்தால ஒண்ணு! அக்கட்டால ஒண்ணு!" நான் சொட்டு விட்டுத் தடவுவேன். "ம், இப்ப" என்பார் அக்கா. அந்த 'இப்ப' ஒரு தடவைகூட முந்தவில்லை, பிந்தவில்லை. நான் படித்திருந்தது பாட்டிலில் போட்டிருந்த நேரம். அவர் பார்த்தது தகட்டில் ஏறுகிற நிறம். துடைத்ததும் மறுபடி வெளிச்சம், அப்புறம் அட்டையிலிருந்து ஒரு ரிவிட் பாட்டிலுக்குத் திரும்பும். முருகானந்தம் அண்ணன் அட்டையைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"முருகானந்தம், தட்டு சாயுது பாரு" என்றார் ஐயா.

"சாயலீங்கய்யா."

"சாயுதுங்கறேன். டிக்கி ரிவிட்டு கதவுக்கு உருண்டுச்சுன்னா ஆரு பொறுப்பு?"

இருபது ரிவிட்டுகள் பாட்டிலுக்குத் திரும்பின. முன்வரிசையில் மூன்று மட்டும் மிச்சம். புதுச் சொட்டு தடவினோம், துடைத்தோம். அசையவில்லை. மறுபடி தடவினோம். அசையவே இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டது அதுதான். ஐயா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பானெட்டின் நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பட்டை வானவில் நிறத்தில் பளீரென்று தெரிந்தது.

"அட" என்றார் ஐயா மெதுவாக. "இது என்ற கையல்ல?"

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. ஐயாவே ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "நாப்பது வருசமா ஒரு பாயிண்டு பொய்க்கலன்னு சொன்னேன் பாரு! இருந்துட்டுப் போவட்டுமா அம்மிணி? பட்டைதான?"

"நெத்தில போட்டாப் பட்டைங்க. காருல போட்டாத் திட்டுங்க" என்றார் அக்கா. "மெசின் வெச்சு எடுத்துட்டு மறுக்கா போடோணும்."

நான் மெஷினை எடுத்தேன். முக்கால் மணி நேரம் குனிந்து தடவிய வலது கை அதைத் தூக்க வரவில்லை, இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா அதைப் பார்த்தார். பிறகு முருகானந்தம் அண்ணனைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். மூன்று மாதமாக வாயால் கேட்டாயிற்று.

அண்ணன் கையில் முட்டை அட்டை. அதில் மூன்று ரிவிட். அவர் ஐயாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்னய ஏன் பாக்கற?" என்றார் ஐயா. "கண்டுபுடிச்சது அந்தப் புள்ள. எடுக்கறதும் அதுவே எடுக்கட்டும். நாங்கல்லாம் நேரஞ் சொல்லிட்டிருந்தப்ப டவலப் புடிச்சுப் பாத்த புள்ளயல்ல அது?"

"சௌந்திரம்" என்றார் அண்ணன். "நீயே போடு."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். மெஷின் வயரைத் தோளுக்குப் பின்னால் எடுத்துப் போட்டார், காரில் உரசாமல் இருக்க. பஞ்சில் பட்டாணி அளவு பாலிஷ். முதலில் தகட்டில் வைத்து, பிறகே சுவிட்ச். லாரிக் கதவில் ஓட்டிய அதே கை. மேலும் கீழுமாக நாலு ஓட்டம், குறுக்கே நாலு ஓட்டம். நிறுத்தித் துடைத்து வெளிச்சம் காட்டச் சொன்னார். முதல் பட்டை போயிருந்தது. அண்ணன் தானாகவே ஒரு ரிவிட்டை எடுத்துப் பாட்டிலில் போட்டார், டிங் என்று. இரண்டாவது டிங். மூன்றாவது கொஞ்சம் அடம்பிடித்தது. அக்கா அழுத்தவில்லை. பொறுமையாக இன்னும் இரண்டு ஓட்டம். டிங்.

அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து எடுத்து, புதுக் கோட்டிங்கை அக்காவே சொட்டு விட்டுத் தடவினார். இந்தத் தடவை 'இப்ப' என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துடைத்தார். ஐயா டார்ச்சை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஷட்டரை மேலே ஏற்றினோம். பைபாஸ் வெயில் உள்ளே பாய்ந்தது. ஐயாவின் பட்டை போட்ட முகம் பானெட்டில் தலைகீழாகத் தெரிந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஐயா, பொண்ணு ஊட்டுல சந்தனம் பொட்டு வெக்கறதுன்னா கண்ணாடில வெக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. "ஒரு வாரத்துக்குப் பெயின்டுல எதுவும் படப்படாது."

"ஒத்த விரலு படாது. நான் காவலுக்கு நின்னுக்கறேன்."

முருகானந்தம் அண்ணன் மேசைக்குப் போய் வாரண்டி கார்டை எழுதினார். வண்டி எண், தேதி, பெயர். அடிக்கோட்டுக்கு வந்ததும் பேனாவை வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். பாதியில் நிறுத்தினார். கையைத் திருப்பி அக்காவிடம் நீட்டினார்.

"வெள்ளிக்கெழம பதில் சொல்றேன்னு சொன்னனல்ல. இந்தா. பண்ணைக்காரங்களுக்குப் போனப் போட்டு வேற ஆளப் பாக்கச் சொல்லிரு."

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். கார்டைத் தன் பக்கம் நகர்த்தினார். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதவில்லை.

"என்னாச்சு சௌந்திரம்?"

"ஏனுங்கய்யா, மணி என்னங்க?"

ஐயா வாட்ச்சைப் பார்த்தார். "பன்னெண்டடிக்க நாலு நிமிசம்."

"அப்ப சித்த இருங்க" என்றார் அக்கா. "கார் வேல நீங்க ஆரம்பிச்சது, அது தொடரலாம். இது நான் புதுசா ஆரம்பிக்கறது."

ஐயா மிகுந்த மரியாதையோடு சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து, நீவி, கார்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். "ஆமா அம்மிணி. நாலு நிமிசத்துல என்ன கெட்டுப்போச்சு?"

நாலு பேரும் மேசையைச் சுற்றிச் சும்மா நின்றோம். டீக்கடையிலிருந்து நாலு டீ வந்தது. அக்கா டீயைத் தொடவில்லை, பேனாவை விரலிடுக்கில் பிடித்தபடி பைபாஸில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா மறுபடி மைக் பிடித்தவராகிவிட்டார். "மூணு... ரெண்டு... ஒண்ணு... ம், போடு சாமி!"

அக்கா எழுதினார். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, உருண்டையாக, கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்தது. சௌந்திரம். எழுதிவிட்டுச் சாய்த்துப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேராக.

"திட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றேன்.

"உங்க கையெழுத்துலதான் தம்பி இருக்கும். இதுல இல்ல."

ஐயா கார்டை இரண்டு கையாலும் வாங்கி, காலண்டர் தாளோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அடுத்து நின்ற வெள்ளைக் காரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார், கையில் டார்ச்சோடு.

கோட்டிங் டவல்கள் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை பதினெட்டு. உடனே அலசாவிட்டால் அப்பளமாகிவிடும். முருகானந்தம் அண்ணன் வாளியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டேன்.

"மூணு வாளி தம்பி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து சௌந்திரக்காவின் குரல் வந்தது. "கலந்துராதீங்க!"